பண்டாரித் தாத்தாவின் பெட்டியும் கொல்லைப்புறத்துச் சாடியும்

மோல்மீன் பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவில் மோல்மீனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பாவின் சித்தப்பா பி.ஐ. கம்பெனி (பிரிட்டிஷ் இந்தியா) கப்பலில் பண்டாரியாக இருந்தவர், அதாவது கப்பல் சமையல்காரர். ரங்கூன், கல்கத்தா, மெட்ராஸ், பினாங்கு, சிங்கப்பூர் என்று வாழ்க்கையில் பாதியைக் கடலில் கழித்தவர். 1971ல் காலமானார். பிள்ளை இல்லை. அவர் சாமான்களை எல்லாம் எங்கள் அத்தைதான் காத்து வந்தார். அத்தைக்கு இப்போது 84 வயது.

இந்த மழையில் ஓடு ஒழுகி, பரணைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. இறக்கியதில் கண்டவை: பழைய வேட்டியில் சுற்றிய ஆறு நீலப்பூத் தட்டுகள். சிவப்பும் கறுப்புமாக உருண்டையான ஒரு வெத்தலைப் பெட்டி. தோல் பையில் பறவை வடிவப் பித்தளை எடைக்கற்கள். மெல்லிய டீக்கோப்பைகள் நான்கு. ஜப்பான்காரன் நோட்டு ஒரு கட்டு. இவை போக, கொல்லையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புச் சாடி. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அதில் செடிக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறோம்.

பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்து பார்த்தார். தட்டுக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "அந்தச் சாடி உங்களுக்கு எதுக்கும்மா, அதையும் வண்டியில ஏத்திக்கிறேன்" என்றார். அத்தை சம்மதிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எது என்ன பொருள், எதை எப்படித் தெரிந்துகொள்வது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தட்டை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி வைக்கட்டுமா?

ஸ்காட் மார்க்கெட்

தங்கச்சி, முதலில் கழுவாதே. ஒன்றையும் கழுவாதே. யாங்கோனில் முப்பது வருஷமாக இந்த வியாபாரத்தில் இருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். அழுக்கு ஒரு சாட்சி. மெருகு, அதாவது பாத்திரத்தின் மேல் கண்ணாடி மாதிரிப் பூச்சு, அதன் வெடிப்புக்குள் ஊறிய கறை ஒரு மாதிரி இருக்கும், தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கிய கறை வேறு மாதிரி இருக்கும். கழுவிவிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது. பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினால் நூறு வருஷத்து நிறம் ஒரு நாளில் போய்விடும்.

அடுத்தது, எந்தப் பாத்திரமானாலும் கவிழ்த்துப் பார். முகத்தைப் பார்த்து மயங்குகிறவன் வாங்குகிறவன், அடியைப் பார்க்கிறவன் வியாபாரி. மண்ணின் நிறம், மெருகு எங்கே நின்றுபோயிருக்கிறது, பாதம் தேய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அடியில்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில், வெயில் நேராகப் படாமல், ஒவ்வொன்றின் அடியையும் படம் எடுத்துப் போடு. பக்கத்தில் ஒரு அளவுகோல் வை.

அந்த ஆள் வாசல் வரை போய்த் திரும்பிக் கேட்டது எது என்பதையும் நினைவில் வை.

மோல்மீன் பேத்தி

அண்ணே, ரொம்ப நன்றி. தட்டின் அடியில் மனித முகமும் சிங்க உடலுமாகப் படுத்திருக்கும் ஒரு உருவம். அதைச் சுற்றி இங்கிலீஷ் எழுத்தில் பெட்ரஸ் ரெகூ, மாஸ்ட்ரிக்ட் என்று இருக்கிறது. கீழே மேட் இன் ஹாலண்ட். டீக்கோப்பையில் மேட் இன் ஆக்குபைட் ஜப்பான் என்று சிவப்பில் இருக்கிறது. அத்தைக்கு அந்தத் தட்டுகள்தான் உயிர். தாத்தா ஊரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தால் மட்டும் எடுப்பாராம்.

ஸ்காட் மார்க்கெட்

அந்த உருவம் ஸ்பிங்க்ஸ். ஹாலந்தில் மாஸ்ட்ரிக்ட் என்னும் ஊரின் பீங்கான் ஆலையின் முத்திரை. அந்த ஆலை நம் பக்கத்துச் சந்தைக்கென்றே தட்டும் கிண்ணமும் செய்து அனுப்பியது. பர்மாவிலும் மலாயாவிலும் ஜாவாவிலும் வீட்டுக்கு வீடு இருந்தது. இதே போல ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பெல் என்ற கம்பெனி, மலாய்ப் பெயர் வைத்த பூ வேலைகளைத் தட்டில் அச்சடித்து நம் துறைமுகங்களுக்கு அனுப்பியது. உன் தட்டுகள் நல்ல தட்டுகள், ஆனால் அரிதானவை அல்ல. அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை, பெரிய மனிதர்கள் சாப்பிட்ட தட்டு என்பது உண்மைதானே.

நாட்டின் பெயரை வைத்துக் காலத்தைக் கொஞ்சம் கணிக்கலாம். அமெரிக்கா 1891லிருந்து, தன் நாட்டுக்குள் வரும் சரக்கில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்றது. அதனால் வெறும் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு உண்டு. மேட் இன் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. ஜப்பான் பாத்திரத்தில் நிப்பான் என்றிருந்தால் 1921க்கு முந்தியது, அதன்பின் ஜப்பான் என்று போட்டார்கள். ஆக்குபைட் ஜப்பான் என்றால் போருக்குப் பிறகு அமெரிக்கப் படை அங்கே இருந்த காலம், 1952க்குள். இங்கிலீஷ் தட்டில் ஆர்டி என்ற எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் 1884லோ அதற்குப் பிறகோ பதிவானது.

ஆக, கோப்பைகளை உங்கள் தாத்தா போர் முடிந்து மறுபடி கப்பல் ஏறிய காலத்தில் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ வாங்கியிருக்கலாம்.

தட்டோன் வாத்தியார்

அம்மா, சாடியின் படத்தைப் பார்த்தேன். என் கணிப்பில் அது சீனச் சாடி. தென் சீனத்திலிருந்து இப்படிப்பட்ட கறுப்புச் சாடிகள் கப்பல் கப்பலாக வந்தன. 400, 500 வருஷம் இருக்கலாம். உடனே உள்ளே எடுத்து வையுங்கள்.

துவாந்தே தம்பி

வாத்தியார் ஐயா மன்னிக்கணும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் யாங்கோனுக்குப் பக்கத்தில், பானை செய்கிற துவாந்தே பக்கம் வளர்ந்தவன். பள்ளிக்கூடம் விட்டால் சூளைக்குப் போய்ச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மண் என்றால் எனக்கு அவ்வளவு ஆசை. அக்கா போட்ட படத்தை நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன்.

தோளில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக, குமிழ் மாதிரி எழும்பி நிற்கின்றன. மெருகுக்கு மேல் வரைந்ததில்லை. வெண்களிமண்ணைக் குழைத்துச் சொட்டுச் சொட்டாக வைத்து, அதோடு சுட்டது. கறுப்பு மெருகும் வெள்ளைப் புள்ளியும் சேர்ந்து வருவது நம் பர்மாச் சாடியின் முகம். சீனச் சாடி பலவற்றில் நாகம் சுற்றியிருக்கும், பழுப்பு மெருகு மெல்லிசாக இருக்கும். கழுத்துக்குக் கீழே கயிறு கோக்க நாலு காது இரண்டிலும் உண்டு, அதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

அக்கா, உங்கள் ஊரிலிருந்து சால்வீன் ஆற்றைத் தாண்டினால் என்ன ஊர்? மொத்தமா. வெள்ளைக்காரன் வாயில் மார்ட்டபான். உலகம் முழுக்க இந்த வகைச் சாடிக்கு மார்ட்டபான் என்றுதான் பெயர், அந்தத் துறைமுகத்திலிருந்து போனதால். 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா, தனக்கு இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் உப்பிட்டு நிரப்பிய நாலு மர்தபான் பரிசாகக் கிடைத்ததாக எழுதியிருக்கிறார். கடல் பயணத்துக்கு ஊறுகாய்! வட இந்தியாவில் இன்றைக்கும் ஊறுகாய் ஜாடிக்கு மர்த்தபான் என்றே பெயர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசாவும் இந்தக் கறுப்பு மெருகுச் சாடிகளை முஸ்லிம் வணிகர்கள் எப்படி விரும்பி வாங்கினார்கள் என்று எழுதி வைத்தார். ஹாலந்தில் லேவார்டன் நகரத்துப் பிரின்செஸ்ஸஹாஃப் அருங்காட்சியகத்தில் மார்ட்டபான்களுக்கென்றே ஒரு பெரிய சேகரிப்பு இருக்கிறது.

உங்கள் தாத்தா கப்பலில் ஊர் ஊராகப் போய்த் தட்டு வாங்கி வந்தார். வீட்டுக் கொல்லையில் நின்ற சாடிதான் அந்த எல்லா ஊருக்கும் நமக்கு முன்னால் போய் வந்த ஜாதி.

தட்டோன் வாத்தியார்

தம்பி சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. மார்ட்டபான் என்ற பெயர் துறைமுகத்தின் பெயர், சூளையின் பெயர் அல்ல. சீனச் சாடியும் சயாம் சாடியும் அங்கே வந்து இறங்கி, அதே பெயரில் மறுபடி ஏறின. பெயரை வைத்துப் பிறந்த ஊரைச் சொல்ல முடியாது. வெள்ளைப் புள்ளியை நான் படத்தில் கவனிக்கவில்லை, வெளிச்சம் பட்ட இடம் என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் வயது? புள்ளிச் சாடி பழைய காலத்திலும் செய்தார்கள், பிற்காலத்திலும் செய்தார்கள். இதை எப்படிப் பிரிப்பாய்?

துவாந்தே தம்பி

நியாயமான கேள்வி ஐயா. மெருகிட்ட சாடியைப் பர்மியர் சின்-ஓ என்பார்கள். அது இன்றைக்கும் உயிரோடு இருக்கும் தொழில். இங்கே துவாந்தேயில் செய்கிறார்கள். மேலே ஷ்வெபோ பக்கம் ஐராவதிக் கரையில் சாவ்க்ம்யாவ்ங் என்ற ஊரில் இன்னும் பெரிதாகச் செய்கிறார்கள். 1757ல் அலாவ்ங்பயா மன்னர் மோன் மக்களின் தலைநகரான பெகுவைப் பிடித்தபோது சிறைப்பட்டுப் போன மோன் குயவர்களின் வழி நாங்கள் என்று அவ்வூர்க்காரர்களே சொல்வார்கள். சாடிகளை மூங்கிலோடு சேர்த்துக் கட்டினால் அதுவே தெப்பமாகிவிடும். அப்படியே ஆற்றில் மிதக்கவிட்டுக் கீழே ரங்கூன் வரை கொண்டு வந்தார்கள். சரக்கே ஓடம்! இதை முதல் முதலாகக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது.

அதனால் 60 வருஷத்துச் சாடியும் 300 வருஷத்துச் சாடியும் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அக்கா, நீங்கள் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். உள்ளே கையை விட்டுத் தடவினால் சுவரில் படிப்படியாக மேடு தட்டுகிறதா? பெரிய சாடியைத் திரி திரியாக மண்ணைச் சுற்றி, தட்டித் தட்டி ஏற்றுவார்கள், அந்த மேடு கையில் படும். பாதத்தில் மெருகு இல்லாத இடத்தில் மண் என்ன நிறம்? விளிம்பில் மெருகு தேய்ந்து மண் தெரிகிற இடம் ஒரே பக்கம் இருக்கிறதா, சுற்றிலுமா? பல தலைமுறை ஒரே பக்கம் சாய்த்து ஊற்றினால் ஒரு பக்கம் தேயும். சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

துல்லியமான வயதுக்கு வெப்ப ஒளிர்வுச் சோதனை என்று ஒன்று உண்டு. அடியில் துளையிட்டு மண்பொடி எடுப்பார்கள். அதிலும் நூற்றுக்கு இருபது பங்கு முன்பின் வரும். வீட்டுச் சாடிக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்று, இது முக்கியம். பழைய பர்மா மெருகில் ஈயம் உண்டு. அரிசிக் கஞ்சியில் ஈயத் தாதைக் கலந்துதான் பூசுவார்கள். செடிக்குத் தண்ணீர் வையுங்கள், பரவாயில்லை. ஊறுகாய், புளி, ஙாப்பி (பர்மிய மீன் விழுது) எதுவும் அதில் போடாதீர்கள். புளிப்பு ஈயத்தை இழுக்கும். உங்கள் வீட்டில் யாராவது போட்டிருந்தார்களா?

பாகன் மருமகன்

சாடிக்காரர்கள் நடுவில் நுழைகிறேன், வெத்தலைப் பெட்டியைப் பற்றி. மாமனார் வீடு பாகனில். நான்கு தலைமுறையாக யுன் வேலை, நாம் அரக்குச் சாமான் என்கிறோம். உண்மையில் அது அரக்கு இல்லை. அரக்கு பூச்சி தருவது. இது திட்சி மரத்தில் கீறி இறக்கும் பால், காற்றுப் பட்டதும் கறுத்துவிடும்.

பர்மியர் இந்தப் பெட்டியைக் குன்-இட் என்பார்கள். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டு இருக்கும், மேல்தட்டில் சுண்ணாம்பு, பாக்கு, கீழே வெற்றிலை. சகோதரி, மூடியைக் கழற்றி அதன் விளிம்பை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மெல்லத்தான். வளைந்து கொடுத்தால் உள்ளே குதிரை மயிர் பின்னல், உயர்ந்த வேலை. விறைப்பாக இருந்தால் மூங்கில் மட்டும். மரக்கட்டையைக் கடைந்து சாயம் அடித்திருந்தால் சந்தைச் சரக்கு. கோடுகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உண்மையான வேலையில் இரும்பு முள்ளால் கீறி, கீறலுக்குள் சாயத்தைத் தேய்த்து, மேலே வழித்திருப்பார்கள். சிவப்பு சாதிலிங்கம், மஞ்சள் அரிதாரம், பச்சை என்றால் அரிதாரத்தோடு அவுரி. ஒரு நிறத்துக்கு ஒரு முறை கீறி, ஒவ்வொரு பூச்சுக்கும் நிலவறை ஈரத்தில் உலரவிட்டு, ஒரு நல்ல பெட்டி முடிய மாதக்கணக்கில் ஆகும். மாமனார் விரலில் அந்தக் கறுப்பு ஏறியே இருக்கும், சோறு பிசையும்போதும் தெரியும்.

அடிப்பட்டையில் பர்மிய எழுத்து இருக்கிறதா பாருங்கள். செய்தவர் பெயரோ, வாங்கியவர் பெயரோ, நல்வாக்கோ இருக்கலாம். வெயிலில் காய வைக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும்.

வியாசர்பாடி பர்மாக்காரர்

நான் 1964ல் பன்னிரண்டு வயதில் ரங்கூனிலிருந்து மெட்ராசுக்குக் கப்பல் ஏறியவன். அந்த மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 சாட் நோட்டு செல்லாது என்றார்கள். அப்பா கல்லாவில் இருந்தது அவ்வளவும் நூறுதான். எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தது. ஆத்தாவின் வெத்தலைப் பெட்டி. துறைமுகத்தில் சோதனை போட்டவர் அதை எடுத்து ஓரமாக வைத்தார். ஆத்தா அதில் ஒன்றும் இல்லை ஐயா, வெறும் பாக்கு என்று பர்மியத்தில் சொன்னாள். அவர் பதில் பேசவில்லை. பாக்கை மட்டும் மடியில் கொட்டிக்கொண்டு ஆத்தா கப்பல் ஏறினாள்.

பாகன் மருமகனே, உள்ளே இரண்டு தட்டு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்தத் தட்டை எடுக்கும்போது வரும் சத்தம் எனக்குக் கேட்டது. அறுபது வருஷம் ஆகிறது.

மோல்மீன் மகளே, உங்கள் அத்தை போகாமல் அங்கேயே இருந்துவிட்டதால்தான் இதெல்லாம் ஒன்றாக இருக்கிறது. ஒவ்வொரு சாமானையும் கையில் கொடுத்து, இது யார் வாங்கியது, எங்கே வாங்கியது என்று அத்தையைப் பேசவிட்டுப் பதிவு செய்துவிடுங்கள். போனிலேயே செய்யலாம். அத்தை இருக்கும்போதே செய்யுங்கள்.

ஸ்காட் மார்க்கெட்

பெரியவர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வியாபாரக் கணக்கிலும் அதுதான் உண்மை. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று தெரிந்த பொருளுக்கும் தெரியாத பொருளுக்கும் மதிப்பு வேறு. பிரித்து விற்கும்போது முதலில் தொலைவது அந்தக் கதை.

சட்டமும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கொடுத்தனுப்பலாம் என்று நினைக்காதே. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, 100 வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை அனுமதி இல்லாமல் இந்த நாட்டை விட்டு எடுத்துப் போக முடியாது. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் 100 வருஷம் என்றுதான் கணக்கு வைக்கிறது, அங்கே போன பின் வெளியே எடுக்க முடியாது. சாடிக்கு வயது தெரியாதவரை அதை நகர்த்தாமல் இருப்பதே நல்லது. யாங்கோன் வந்தால் பியே ரோடு தேசிய அருங்காட்சியகத்தில் படத்தைக் காட்டிக் கேள்.

ஜப்பான் நோட்டில் எழுத்து என்ன?

மோல்மீன் பேத்தி

நோட்டில் பாதி பி, பாதி எம் அண்ணே. நூறு ரூபாய் நோட்டு நிறைய.

தட்டோன் வாத்தியார்

பி என்றால் பர்மாவுக்கு அடித்தது, எம் மலாயாவுக்கு. 1942 ஜனவரி 31ல் மோல்மீன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பிரிட்டிஷார் 1945ல் திரும்பியதும் இந்த நோட்டு வெறும் காகிதமாகிவிட்டது. எக்கச்சக்கமாக அடித்ததால் இன்றும் விலை இல்லை. ஆனால் எம் நோட்டு மலாயாவில் புழங்கியது, அதுவும் அவர் போய் வந்த வழிக்குச் சாட்சி. கட்டைப் பிரிக்காமல் வையுங்கள்.

எனக்கு ஆசையெல்லாம் எடைக்கற்கள் மேல். பறவை என்றால் ஹிந்தா, நம் அன்னம். பெகு நகரத்தின் சின்னம். சிங்கம் மாதிரி இருந்தால் தோ என்ற விலங்கு. வெள்ளைக்காரர்கள் அபின் எடை என்று பெயர் வைத்துவிட்டார்கள், உண்மையில் எல்லாச் சரக்கும் நிறுத்ததுதான். நிறுக்கும் அளவு பெய்த்தா. அந்தச் சொல் நம்முடையது அம்மா! நம் வீசைதான் பெய்த்தா, இங்கிலீஷில் விஸ். இந்தக் கரையில் நம் வணிகர் எவ்வளவு காலமாகத் தராசு பிடித்திருந்தால் எடையின் பெயரே தமிழாக நிற்கும்! பாகனில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு நானாதேசி விண்ணகரம் என்று ஒரு பெருமாள் கோயிலையே சொல்கிறது.

பர்மா வீசை சுமார் 1,633 கிராம், மெட்ராஸ் வீசை அதைவிடக் குறைவு, சுமார் 1,400. பர்மா வீசையில் நூறில் ஒரு பங்கு ஒரு சட்டா, 16 கிராமும் கொஞ்சமும். கற்களை நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். உண்மையானவை 50, 20, 10, 5, 2 சட்டாக் கணக்கில் வந்து நிற்கும், தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையும். சுற்றுலாக்காரருக்கு வார்த்தது எந்தக் கணக்கிலும் நிற்காது. பார்வைக்குப் பழசாக்கலாம், தராசை ஏமாற்ற முடியாது.

மோல்மீன் பேத்தி

நாலு நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். எல்லாம் பார்த்துவிட்டேன்.

பெட்டி மூடி வளைகிறது. அடியில் பர்மிய எழுத்தில் ஒரு பெண் பெயர். அத்தையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அது தாத்தா கட்டிக்கொள்ள இருந்த பொண்ணு என்றார். எங்கள் வீட்டில் இத்தனை வருஷம் யாரும் பேசாத பெயர். மீதியைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், இங்கே எழுதுவது முறையில்லை.

சாடிக்குள் கைவிட்டேன், மேடு தட்டுகிறது தம்பி. பாத மண் செங்கல் சிவப்பு. விளிம்பு தேய்ந்திருப்பது ஒரு பக்கம்தான், கிணற்றைப் பார்த்த பக்கம். ஆமாம், அப்பாயி காலத்தில் அதில் ஙாப்பி போட்டார்களாம். இனி இல்லை. நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலு பேர் வந்து, கயிற்றை வயிற்றில் கட்டித் திண்ணைக்கு ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எடைக்கற்களை நகைக்கடையில் நிறுத்தோம். பறவைகள் 812, 325, 162, 81, 32 கிராம். வாத்தியார் ஐயா, ஒவ்வொன்றாக எண் வர வர எனக்குக் கை நடுங்கியது. ஒரு தட்டையான வட்டக்கல் மட்டும் 116 கிராம் காட்டியது, கணக்கில் வரவில்லை. கடைக்காரர் பார்த்ததும் பத்துத் தோலா, இந்திய எடை என்றார். கப்பலுக்கு ஒரு எடை, ஊருக்கு ஒரு எடை வைத்திருந்திருக்கிறார்.

இன்னொரு பறவை, பார்க்க எல்லாவற்றையும்விட அழகானது, 27 கிராம். எதிலும் சேரவில்லை. வீட்டுக்கு வந்து அத்தை கையில் கொடுத்தேன். கண் சரியாகத் தெரியாது, விரலால் தடவிப் பார்த்தார். "இது சித்தப்பா வாங்குனது இல்லடி. உங்கப்பன் சின்னப் பையனா இருக்கப்போ சாய்க்தான்லான் பகோடாத் திருவிழாவுல அடம்பிடிச்சு வாங்குனது. சித்தப்பாதான் பத்திரமா இருக்கட்டும்னு பையில போட்டு வச்சாரு" என்றார்.

அதையும் அதே பையில் போட்டு வைத்துவிட்டேன்.